ஹோர்ன் பிந்துது, அண்ணை

போன மாரியில் ஒரு பள்ளிக்கூட வான்காரர் என்னிடம் வந்தார். கல்வியங்காட்டுப் பக்கம் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். வானை நிறுத்தி இறங்கியதும் சொன்ன முதல் வசனம்: "ஹோர்ன் பிந்துது, அண்ணை."

"அடிக்கேல்லையோ?"

"அடிக்குது. ஆனா அமத்தின உடனை அடிக்காது. முதல் 'டிக்' எண்டும், பிறகுதான் கத்தும். அதுவும் காலமையில மட்டும். பின்னேரம் பிள்ளையளை இறக்கேக்கை ஒரு பிழையும் இல்லை. ரெண்டு தரம் புது ஹோர்ன் போட்டாச்சு."

ரெண்டு ஹோர்னுக்குக் காசு கொடுத்த மனுசன். பழுது அப்படியே இருந்தது. அவர் சொன்னதில் எனக்கு வேண்டிய சொல் 'காலமையில மட்டும்' என்பதுதான். அந்தச் சொல்லை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், அதற்குப் பின்னால் நாற்பது வருஷத்துக்கு மேலான வேலை இருக்கிறது.

1976 இல், பதினாறு வயதில், யாழ்ப்பாண ரவுணில் ஒரு கராஜில் வயரிங் பழகச் சேர்ந்தேன். வெளிநாட்டுச் சாமான்கள் கட்டுப்படுத்தப்பட்ட காலம் அது. புதுக்காரைக் கண்ணால் காண்பதே அருமை. வீதியில் ஓடியவை ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட். எல்லாம் இருபது, இருபத்தைந்து வருஷக் கார்கள். சாவகச்சேரிப் பக்கம் மரக்கறி மூட்டையும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு தட்டிவான்கள் ஓடின. ஒன்று பழுதானால் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்று போட வழியில்லை. அதனால் திருத்தக் கற்றுக்கொண்டோம்.

கராஜில் வயரிங் வேலைக்குப் பெரியவராய் இருந்தவரைப் பெரியண்ணை என்றுதான் கூப்பிடுவோம். சேர்ந்த முதல் மாதம் ஒரு ஏ40 வந்தது. ஹோர்ன் அடிக்கவில்லை. நான் வெகு உற்சாகமாக முன்பக்கம் குனிந்து இரண்டு போல்ற்றையும் கழற்றி ஹோர்னைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பற்றரியில் இருந்து இரண்டு துண்டு வயர் எடுத்து என் கையில் இருந்த ஹோர்னில் வைத்தார். கராஜே அதிரக் கத்தியது. பயத்தில் அதை நழுவ விட்டுவிட்டேன்.

"இதிலை பழுதில்லை. அப்ப ஏன் இதைக் கழட்டினனீ?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் அடித்ததும் இல்லை, ஏசியதும் இல்லை. பழுது எங்கே என்று தெரிந்த பிறகுதான் ஸ்பனரைத் தொடவேண்டும் என்பதை அந்தக் கேள்வியிலேயே படித்துவிட்டேன்.

அந்த இங்கிலாந்துக் கார்களில் ஹோர்னுக்குக் கரண்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். பற்றரியில் இருந்து பியூஸ் வழியாக ஹோர்ன் வரைக்கும் வழி திறந்தபடிதான். ஹோர்னைத் தாண்டிய வயர் ஸ்ரியரிங் குழாயின் நடுவால் ஏறி பட்டனுக்குப் போகும். பட்டனை அமத்தினால் அந்த வயர் காரின் இரும்பைத் தொடும். இரும்பு வழியாகக் கரண்ட் பற்றரிக்குத் திரும்பும். அதாவது பட்டன் கரண்டைக் கொடுப்பதில்லை, திரும்பிப் போகத்தான் வழி விடுகிறது. ஸ்ரியரிங் குழாய் காரின் உடம்போடு சேருமிடத்தில் கிரீஸும் கறளும் ஏறினால் பட்டனை எவ்வளவு அமத்தினாலும் பயனில்லை. அந்த ஏ40 இலும் அதுதான். பெரியண்ணை குழாயின் அடியில் ஒரு இடத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, பின்னிய செப்புப் பட்டி ஒன்றை அங்கிருந்து சட்டத்துக்கு இழுத்துப் பூட்டினார். ஹோர்ன் அடித்தது.

"கரண்ட் வெளிக்கிட்டா வீடு திரும்ப வேணும் தம்பி. போற வழியை எல்லாரும் பாப்பினம். திரும்பிற வழியை ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

இந்த வசனத்தை அவர் எத்தனையோ தரம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் வேலையில் பாதிக்கு மேல் இந்த வசனம்தான்.

தோட்டம் செய்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். மெஷின் நன்றாய்த்தான் இறைக்கிறது, கிணற்றிலும் தண்ணீர் இருக்கிறது. ஆனால் வாய்க்காலில் ஒரு இடத்தில் புல் மண்டி அடைத்தால் கடைசிப் பாத்தி வெங்காயம் வாடும். அதைப் பார்த்துவிட்டு மெஷினை மாற்றுகிறவர் உண்டா? வாகனத்தில் அதைத்தான் செய்கிறோம். சாதாரண ஹோர்ன் ஒன்று நாலு அம்பியருக்குக் கிட்ட இழுக்கும். வழியில் ஒரு ஓம் அளவுக்குக் கறள் தடை இருந்தால் அந்த இடத்திலேயே நாலு வோல்ற் வரை தொலைந்துபோகும். பன்னிரண்டு வோல்ற்றுக்குச் செய்த ஹோர்ன் எட்டு வோல்ற்றில் என்ன செய்யும்? 'டிக்' என்னும், முக்கும், பிறகு நினைத்துக்கொண்டதுபோல் அடிக்கும். பிந்துகிற ஹோர்ன் அநேகமாகப் பட்டினி கிடக்கிற ஹோர்ன்தான்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் பழுது அதிகம். நாலு பக்கமும் உப்புக் காற்று. பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப்பக்கம் ஓடுகிற வாகனத்தை, இலக்கத்தகட்டைப் பாராமலே, பற்றரி முனையைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். செப்பு இருக்கும் இடமெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருக்கும், இரும்பு இருக்கும் இடமெல்லாம் பொருக்குத் தட்டியிருக்கும். செம்மணி வெளியால் தினம் போய்வருகிற மோட்டார் சைக்கிளிலும் இப்படித்தான். ஆறு மாதத்துக்கு ஒருக்கா முனைகளைக் கழற்றித் துடைத்து, பூட்டிய பிறகு மேலே கொஞ்சம் கிரீஸ் பூசிவிட்டால் போதும். பெரிய செலவில்லாத வேலை. செய்கிறவர்கள்தான் குறைவு.

1984 இல் நல்லூரில், முத்திரைச்சந்திக்குக் கிட்ட, சொந்தமாக ஒரு கொட்டில் போட்டுத் தொழிலைத் தொடங்கினேன். 1977 க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிட்டதால் ஜப்பான் வான்கள் ஓடத் தொடங்கியிருந்தன. அவற்றில் ஹோர்னுக்கு முன் ஒரு றிலே இருந்தது. பட்டன் றிலேயை எழுப்பும், றிலே ஹோர்னுக்குக் கரண்ட் விடும். பட்டனில் ஓடும் கரண்ட் கொஞ்சம் என்பதால் அது கருகுவதில்லை. இந்த நல்ல யோசனையைப் பழைய கார்களிலும் நான் சேர்த்துக் கொடுத்தேன். ஆனால் ஜப்பான் வானின் ஹோர்னுக்கு அநேகமாக வருவது ஒரே ஒரு வயர். திரும்புகிற வழி, அதைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புத் தகடுதான். இதை மறந்துவிடாதீர்கள்.

நல்லூரில் கடை வைத்திருப்பவனுக்கு வருஷத்தில் ஒரு மாதம் வேறு மாதிரி. ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறும். இருபத்தைந்து நாள் திருவிழா. சுற்றியுள்ள வீதிகளை மறித்துவிடுவார்கள். வாகனச் சத்தம் அடங்கி, மணியும் மேளமும் கேட்கும். கடைக்கு வேலை வராது. அந்த நாட்களில்தான் பழைய ஹோர்ன்களைத் திறப்பேன்.

நத்தை மாதிரிச் சுருண்ட லூக்காஸ் ஹோர்ன் ஒன்றை மேசையில் வைத்துத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு கொயில், அதன் முன்னால் மெல்லிய உருக்குத் தகடு, பக்கத்தில் ஒரு சோடிப் பொயின்ற். கரண்ட் வந்ததும் கொயில் தகட்டை இழுக்கும். இழுபட்ட தகடே பொயின்றைத் திறந்துவிடும். கரண்ட் அறுந்ததும் தகடு பின்னால் போகும், பொயின்ற் திரும்பப் பொருந்தும், திரும்ப இழுக்கும். ஒரு செக்கனில் இது ஏறத்தாழ நானூறு தரம் நடக்கிறது. அந்த அதிர்வுதான் சத்தம். பொயின்றில் ஒரு மயிரிழைக் கறுப்பு படிந்தாலும் முதல் இழுப்புப் பிந்தும். நெருப்புப்பெட்டிப் பட்டைபோல மெல்லிய எமரிக் கடதாசித் துண்டை இரண்டு பொயின்றுக்கும் நடுவில் வைத்து, விரலால் மெதுவாக அமத்தி இரண்டு தரம் இழுத்தால், கடதாசியில் கறுப்புக் கோடு விழும். மூன்றாம் தரம் கோடு வெளுத்திருக்கும். அத்தோடு நிறுத்த வேண்டும். மேலும் உரைத்தால் பொயின்ற் தேய்ந்துவிடும்.

பின்பக்கம் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். மெழுகோ பெயின்றோ வைத்து மூடியிருப்பார்கள். சத்தம் குறைந்தால் எல்லோரும் முதலில் திருகுவது அதைத்தான். நான் கடைசியில்தான் திருகுவேன், அதுவும் கால் சுற்றுக்கு மேல் போகமாட்டேன். திருகிக்கொண்டே அடித்துப் பார்க்க வேண்டும். முதல் சத்தம் கரகரக்கும், பிறகு தெளியும், இன்னும் திருகினால் மெலிந்து நின்றுவிடும். தெளிந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தைக் காது பிடிக்கப் பழக எனக்கு இரண்டு வருஷம் சென்றது.

ஒரு திருவிழாக் காலத்தில் திறந்த ஹோர்னுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. சுருளின் உள்வளைவு முழுக்க மண். கொயிலும் பொயின்றும் தகடும் புதிதுபோல இருந்தன. குரல் வெளியே வரத்தான் வழியில்லை. கம்பியால் மண்ணைக் கிண்டி எடுத்து, வாய் கீழ்நோக்கி இருக்கப் பூட்டிக் கொடுத்தேன். வாய் மேல்நோக்கி இருந்தால் மழைத்தண்ணியும் நிற்கும். இன்னொன்றையும் அந்த மேசையில்தான் கண்டுகொண்டேன். ஹோர்னைத் தாங்கும் தகடு வில்போல அசைய வேண்டும். பலம் வேண்டும் என்று தடித்த இரும்பில் இறுக்கிப் பூட்டினாலோ, ஹோர்னின் விளிம்பு உடம்பைத் தொட்டுக்கொண்டு நின்றாலோ குரல் அடைத்துப்போகும்.

1990 ஆனியில் மறுபடி யுத்தம் தொடங்கியது. மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்கள் ஆயின. வானொலி கேட்பதற்கு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிய காலம். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சூப்பிப் போத்தலால் கார்பரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் பீச்சி ஸ்ராட் பண்ணி, சூடானபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை எழும்பும்.

அந்தக் காலத்தில் ஒரு பற்றரி என்றால் பவுண் மாதிரி. செத்த பற்றரி மூன்றை உடைத்து, நல்ல தகடுகளைப் பொறுக்கி ஒன்றாக்கி, ஈயம் உருக்கிப் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். ஆசிட் பட்ட தழும்பு இன்னும் என் இடது கையில் இருக்கிறது. அப்படிச் சேர்த்த பற்றரியில் ஹோர்ன் அடித்தால் காருக்குப் பொறி வராது, பொறி வந்தால் ஹோர்ன் அடிக்காது. அநேகமானவர்கள் ஹோர்ன் வயரைக் கழற்றிவிட்டார்கள். சிலர் தட்டிவான் காலத்து றப்பர்ப் பந்து ஹோர்னைத் தேடி எடுத்துக் கதவோரம் கட்டினார்கள். நோயாளியை ஏற்றி இறக்கிய ஒரு காரில் சைக்கிள் மணி பூட்டிக் கொடுத்தேன். பொறுப்போடு செய்த வேலை அது. அந்தக் காலத்து வீதியில் அதுவே போதுமாய் இருந்தது. எஞ்சின் சத்தம் குறைந்த ஊரில் மணிச் சத்தம் நெடுந்தூரம் கேட்கும். ஒரு ஹோர்ன் எவ்வளவு பலமாய் இருக்க வேண்டும் என்பது சுற்றிலும் எவ்வளவு சத்தம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று அப்போது விளங்கியது.

1995 ஒக்டோபர் 30. யுத்தத்தால் வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவு. நாங்களும் நல்லூரில் இருந்து செம்மணி வீதியால் போனோம். சைக்கிளில் ஒரு பக்கம் உடுப்பு மூட்டை, மறுபக்கம் என் சாமான் பெட்டி. அயலில் இருந்த ஆசிரியர் ஒருவர் தன் மொறிஸ் மைனரில் படுக்கையில் கிடந்த தாயை ஏற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். மழை. முன்னாலும் பின்னாலும் சனம். நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடி அடியாக நகர்ந்தோம். ஆசிரியர் பதற்றத்தில் ஹோர்னை அமத்திக்கொண்டே இருந்தார். கார் நின்று நின்று ஊரும்போது டைனமோ சார்ஜ் கொடுக்காது. பொறிக்கும் ஹோர்னுக்கும் அந்த நொந்த பற்றரி ஒன்றுதான். ஹோர்ன் வரவரப் பிந்தியது, பிறகு முனகியது.

சைக்கிளை மனைவியிடம் கொடுத்துவிட்டு பொனற்றைத் தூக்கி ஹோர்ன் வயரைக் கழற்றினேன். "மாஸ்ரர், இனி அமத்தாதையுங்கோ. எஞ்சின் நிண்டா அம்மாவைத் தூக்கித்தான் நடக்கவேணும்" என்றேன். விலகச் சொல்லி அடிப்பதற்கு, விலக ஒரு இடம் வேண்டும். அந்த வீதியில் கால் வைக்க இடமில்லை. பிறகு ஆசிரியரின் மகன் முன்னால் நடந்தான். "அப்பம்மா படுத்திருக்கிறா, கொஞ்சம் வழி விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே போனான். சனம் தன் மூட்டையை நெஞ்சோடு அணைத்து ஒதுங்கி வழி விட்டது. விடிந்து வெகுநேரத்துக்குப் பிறகு பாலத்தைக் கடந்தோம். ஹோர்ன் என்பது ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் வழி கேட்பதுதான் என்று அன்றைக்குப் பிறகு நினைக்கத் தொடங்கினேன். வெருட்டுவதற்காக யாராவது அடித்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

1996 சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தோம். கொட்டிலுக்குக் கூரை இல்லை. மேசை இருந்த இடத்தில் புல். திருத்தித் தருவதாகச் சொல்லி வாங்கி வைத்திருந்த ஹோர்ன் ஒன்று மண்ணில் பாதி புதைந்து கிடந்தது. அதைத்தான் முதலில் திருத்தினேன். அதை வாங்க உரிமையாளர் திரும்பி வரவில்லை.

2002 சித்திரையில் ஏ9 பாதை திறந்தது. லொறி லொறியாகச் சாமான் வந்தது. கோயம்புத்தூர் ரூட்ஸ் ஹோர்ன்களை எல்லாம் அப்போதுதான் கடைகளில் தாராளமாகக் கண்டேன். வாகனங்கள் பெருகின, வீதியில் சத்தமும் பெருகியது. மினிபஸ்காரர்களுக்கு எயார் ஹோர்னில் மோகம் வந்தது. நீளக் குழல், பலத்த சத்தம், மோட்டர் காற்றடித்து ஊதுவது.

அந்த நாட்களில் நான் செய்த ஒரு பிழையை எழுதத்தான் வேண்டும். ஒரு மினிபஸ் ஓட்டுநர் எயார் ஹோர்ன் பூட்டச் சொன்னார். "பழைய ஹோர்ன் எதுக்கு, அதைக் கழட்டிப்போட்டு அந்த வயரையே இதுக்குக் குடுங்கோ" என்றார். கொடுத்தேன். எயார் ஹோர்ன் அமத்திய கணம் கத்தாது. மோட்டர் சுற்ற வேண்டும், காற்றுக் குழாய் நிரம்ப வேண்டும், பிறகுதான் ஊதும். புதிதில் அந்த இடைவெளி தெரியாது. சில மாதத்தில் குழாய் வெடித்துக் காற்றுக் கசிந்திருக்கிறது. ஒருநாள் ஒழுங்கையால் சைக்கிளில் வெளிவந்த பெடியன் ஒருவனைக் கண்டு ஓட்டுநர் அமத்தியிருக்கிறார். சத்தம் வந்தபோது பெடியன் சில்லுக்கு முன்னால். உயிர் தப்பிவிட்டான், கால் முறிந்தது.

நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் போகிற வாகனம் ஒரு செக்கனில் பதினொரு மீற்றர் போகும். அரைச் செக்கன் பிந்தினால் ஐந்தரை மீற்றர், பதினெட்டு அடி. எங்கள் ஒழுங்கைகளில் பத்தடி அகலம் இருந்தாலே பெரிது. அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது ஆஸ்பத்திரியில் பெடியனைப் பார்த்துவிட்டு வந்த இரவில்தான். கழற்றியதும் பூட்டியதும் என் கை. அதன் பிறகு வாகனத்தோடு வந்த ஹோர்னைக் கழற்றச் சொன்னால் நான் அந்த வேலையை எடுப்பதில்லை. 2011 இல் வாகன ஹோர்ன் சத்தத்துக்கு நாட்டில் விதிமுறையும் வந்தது. சத்தத்தின் அளவுக்குத்தான் சட்டம் இருக்கிறது. பிந்துவதற்குச் சட்டம் இல்லை. அதைப் பார்க்க வேண்டியது எங்களைப் போன்றவர்கள்.

ஊரும் மாறிவிட்டது. முன்பு ஒழுங்கைகளில் கிடுகு வேலியும் கிளுவையும் பூவரசும். வேலிக்கு அப்பால் வருகிற சைக்கிளின் சங்கிலிச் சத்தம்கூட ஊடாகக் கேட்கும், நிழலும் தெரியும். இப்போது ஆறடி, ஏழடி மதில்கள். மூலையில் நின்று அடிக்கிற ஹோர்ன் மதிலில் பட்டு வீதிக்கே திரும்புகிறது. அதனால்தான் ஆழ்ந்த குரல், கூர்ந்த குரல் என்று இரண்டையும் சோடியாகப் பூட்டச் சொல்கிறேன். கூர்ந்தது காதைத் தொடும், ஆழ்ந்தது தூரம் போகும். சோடியில் ஒன்று செத்துப்போனால் பலர் கவனிப்பதே இல்லை. சத்தம் மெலிந்துவிட்டது என்று ஸ்க்ரூவைத் திருகுகிறார்கள்.

வாகனங்களும் மாறின. இப்போது ஸ்ரியரிங்கின் நடுவில் எயார் பாக். பட்டனில் இருந்து வரும் வயர்கள் கடிகார வில்போலச் சுருண்ட ஒரு நாடாவால் இறங்குகின்றன. கிளொக் ஸ்பிரிங் என்போம். ஹோர்ன் அடிக்கவில்லை, ஸ்ரியரிங்கில் இருக்கும் பட்டன்களும் வேலை செய்யவில்லை, மீற்றரில் எயார் பாக் விளக்கும் எரிகிறது என்று மூன்றும் ஒன்றாக வந்தால் அந்த நாடா அறுந்துவிட்டது என்று பொருள். சாமான் விலை என்பதால் சிலர் வீட்டு அழைப்புமணி சுவிச் ஒன்றைக் கியருக்குப் பக்கத்தில் பூட்டி ஹோர்னை அடிக்கிறார்கள். நான் பூட்டிக் கொடுப்பதில்லை. ஆபத்தில் கை தானாகப் போவது ஸ்ரியரிங்கின் நடுவுக்கு. அத்தோடு அந்த நாடா அறுந்தால் எயார் பாக்கும் விரியாது. இதைத் திறக்கும்போது பற்றரி முனையைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். டொயோட்டாக்காரர் 90 செக்கன் என்கிறார்கள், நான் பத்து நிமிஷம் நிற்பேன். வேலை பழகும் பெடியனையும் அதன் முன்னால் முகத்தை வைக்க விடமாட்டேன்.

ஹைபிரிட் கார்களில் இன்னொன்று. பெரிய பற்றரி காரை ஓட்டும், ஹோர்னுக்குக் கரண்ட் கொடுப்பது அநேகமாகப் பின்பக்கம் ஒளிந்திருக்கும் சின்னப் பன்னிரண்டு வோல்ற் பற்றரி. 2022 இல் எரிபொருள் இல்லாமல் வாகனங்கள் வாரக்கணக்கில் முற்றத்தில் நின்றன. எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீடு வந்து திரும்ப ஓட வெளிக்கிட்டபோது என் கடைக்கு வந்தவை அநேகம் இந்தச் சின்னப் பற்றரி நொந்தவையும், எலி வயர் கடித்தவையும்தான்.

மீற்றரை நம்பி ஏமாறுவதும் புதுக்காலத்துப் பழுது. பெடியன் மீற்றரை வைத்து "பன்னிரண்டு வோல்ற் வருது அண்ணை, ஹோர்ன்தான் பிழை" என்பான். மீற்றர் கரண்ட் குடிப்பதில்லை. நூறு இழையில் தொண்ணூற்றொன்பது அறுந்து ஒரு இழை மிஞ்சிய வயரிலும் அது பன்னிரண்டு காட்டும். கரண்ட் இழுத்துப் பார்த்தால்தான் வயரின் பலம் தெரியும். அதனால் சிக்னல் லைற்றின் 21 வற் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் ஒட்டி வைத்திருக்கிறேன். பெரியண்ணை தந்த ரெஸ்ற் லாம்பின் பேரப்பிள்ளை அது. அந்த வழியில் பல்ப் வெள்ளையாக எரிந்தால் வழி சுகம். மஞ்சளாக முனகினால் பழுது அங்கேதான்.

இனி அந்தப் பள்ளிக்கூட வான்.

"காலமையில எத்தினை மணிக்கு வெளிக்கிடுவீங்கள்?" என்று கேட்டேன்.

"ஆறு மணிக்கு முன்னம். மாரியெண்டபடியால் இருட்டாத்தான் இருக்கும்."

"அப்ப ஹெட்லைற் போட்டுத்தானே ஓடுவீங்கள்?"

"ஓம்."

"பின்னேரம்?"

அவர் பேசாமல் என்னைப் பார்த்தார்.

லைற்றைப் போட்டுவிட்டு ஹோர்னை அமத்தச் சொன்னேன். 'டிக்'. பிறகுதான் கத்தியது. லைற்றும் கொஞ்சம் மஞ்சள். லைற்றை நிற்பாட்டி அமத்தச் சொன்னேன். உடனே அடித்தது. மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவ்விலும் மற்ற முனையை ஹோர்னைத் தாங்கும் தகட்டிலும் வைத்தேன். இரண்டும் ஒரே இரும்பு என்றால் அங்கே அநேகமாகப் பூச்சியம் காட்ட வேண்டும். லைற் போட்டு ஹோர்னை அமத்தியபோது நாலு வோல்ற்றுக்குக் கிட்டக் காட்டியது.

"முன்பக்கம் எங்கையாவது அடிபட்டதோ?"

"ஆவணியில ஒரு மதிலோடை தட்டினது. முன் பனல் மாத்தி ரிங்கரிங் செய்து பெயின்ற் அடிச்சது."

முன் பனலில் இருந்து சட்டத்துக்குப் போக வேண்டிய எர்த் வயர் பூட்டப்படாமல் ஓரமாய்த் தொங்கியது. பெயின்ற்றின் இடுக்கால், இரண்டு போல்ற்றின் புரி வழியாகத்தான் எல்லாக் கரண்டும் திரும்பிக்கொண்டிருந்தது. ஹோர்ன் மட்டும் என்றால் அந்த வழி தாங்கும். இரண்டு ஹெட்லைற்றும் ஒன்பது அம்பியரோடு அதே வழியால் திரும்பும்போது ஹோர்னுக்கு இடமில்லை. மூன்றாவது புது ஹோர்ன் போட்டிருந்தாலும் காலையில் பிந்தித்தான் அடித்திருக்கும்.

பெயின்ற்றை எமரியால் உரைத்து இரும்பு மின்னும் வரைக்கும் எடுத்தேன். எர்த் வயரின் முனையைத் துடைத்துப் பல் வொசர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். பெடியனைக் கூப்பிட்டு அவனையே மீற்றர் வைக்கச் சொன்னேன். பூச்சியத்துக்குக் கிட்ட நின்றது. பிறகு எந்த வாகனத்துக்கும் செய்யும் சோதனை: எஞ்சின் நிற்க ஒருக்கா, ஓட ஒருக்கா, லைற்றும் வைப்பரும் போட்டபடி ஒருக்கா, ஸ்ரியரிங்கை இடமும் வலமும் முழுக்க வெட்டியபடி ஒவ்வொருக்கா. வீட்டில் யாரும் இதைச் செய்யலாம். ஹோர்ன் எப்போது பிந்துகிறது என்று கவனித்துச் சொன்னால் திருத்துகிறவனுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

பழைய ஹோர்ன் இரண்டையும் பையில் போட்டு அவரிடமே கொடுத்தேன். "ரெண்டும் நல்ல ஹோர்ன். வைச்சிருங்கோ" என்றேன்.

அடுத்த நாள் விடிய, ஆறு மணி இருக்கும். மழை தூறிக்கொண்டிருந்தது. விறாந்தையில் தேத்தண்ணியோடு இருந்தேன். ஒழுங்கை மதிலில் ஹெட்லைற் வெளிச்சம் ஏறி வந்தது. மூலை வளைவுக்கு முன்னால் ஹோர்ன் ஒருக்கா அடித்தது, கட்டையாய், தெளிவாய், 'டிக்' இல்லாமல். சைக்கிளில் மரக்கறி கொண்டுவந்தவர் காலை ஊன்றி ஒதுங்கி நின்றார். வான் மெதுவாக அவரைக் கடந்து போனது. கண்ணாடியில் பிள்ளைகளின் தலைகள் தெரிந்தன.